குரல் சாயும் இடம்

அக்கா: நாப்பத்தொண்ணு.

தம்பி: திரும்பவும் ஆரம்பிக்காதேக்கா...

அக்கா: வீட்ல எண்பத்து நாலு. ஹால்ல நாப்பத்தொண்ணு. அதே மாதிரிக் கேள்வி, அதே நேரம், அதே பென்சில். நடுவுல நாப்பத்து மூணு மார்க் எங்கடா போச்சு? வர்ற வழியில பஸ்ல வச்சிட்டு இறங்கிட்டேனா?

தம்பி: முதல்ல உக்காரு. ஐயோ, அதுல இல்ல. அது கண்ணு டெஸ்ட் பண்ண வர்றவங்க உக்கார்ற நாற்காலி.

அக்கா: எனக்கும்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இங்கயே உக்காருறேன்.

கடைக்காரம்மா: யாருப்பா உள்ள? 'மதிய இடைவேளை'ன்னு பலகை மாட்டி அஞ்சு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேச்சுச் சத்தம் கேக்குது...

தம்பி: எங்க அக்காம்மா. மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு வந்திருக்கா.

கடைக்காரம்மா: வக்கீலம்மாவா! வாங்க வாங்க.

அக்கா: வக்கீலும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. கோர்ட்டுல டைப்பிஸ்ட். ஒன்பது வருஷமா டைப்பிஸ்ட். இனிமேலும் அதே.

கடைக்காரம்மா: ஏன், என்னாச்சு?

தம்பி: சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதினா இல்ல, நேத்து மார்க் வந்துச்சு. அறுபது எடுத்தாத்தான் சாயங்கால வகுப்புல சீட்டு. இவ எடுத்தது...

அக்கா: நாப்பத்தொண்ணு.

கடைக்காரம்மா: அட... சரி, திரும்ப எழுத முடியாதா?

தம்பி: ஒரே ஒரு தடவை எழுதலாம். ஒன்பது வாரத்துல. விண்ணப்பம் இன்னைக்கு அஞ்சு மணியோட மூடுது. அதுலயும் விட்டா வாழ்க்கைக்கும் கதவு சாத்தினதுதான். மொத்தமே ரெண்டு தடவைதான் விடுவாங்க. மகாராணி போட மாட்டாங்களாம்.

அக்கா: காரணம் தெரியாம எதுக்குடா போடணும்? எங்க ஓட்டைன்னு தெரியாத குடத்துல இன்னொரு குடம் தண்ணிய ஊத்தச் சொல்றியா?

கடைக்காரம்மா: நியாயமான பேச்சு. ஏம்மா, ஹால்ல பயந்துட்டியா?

அக்கா: இல்ல. கை நடுங்கல. நல்லாத் தூங்கினேன். சாப்பிட்டேன்.

தம்பி: நாற்காலி ஆடுச்சா?

அக்கா: ஆடல. மணி கண்ணுக்கு நேராத் தெரிஞ்சுது. பக்கத்துல யாரும் இருமல. ஊசி விழுந்தாக் கேக்கும், அவ்வளவு அமைதி. எல்லாமே சரியா இருந்துச்சு. ஆனா கேள்வியப் படிக்கிறேன், எழுத்து எழுத்தாத் தெரியுது... உள்ள ஒண்ணும் ஓட மாட்டேங்குது. அஞ்சு விடையும் ஒரே மாதிரி உக்காந்துக்கிட்டு என்னையே பாக்குது.

கடைக்காரம்மா: வீட்ல அப்படி இல்லையா?

அக்கா: வீட்ல சரியான விடை தானா முன்னால வந்து நிக்கும்மா. கை தூக்கும்.

கடைக்காரம்மா: ம்... வீட்ல எப்படிப் படிச்ச?

அக்கா: ஆறு மாசமா இவன்தான் வாசிப்பான். நாள் முழுக்க கோர்ட் ரெக்கார்டிங்கை ஹெட்போன்ல கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டர்ல அடிக்கிறேன் இல்ல, வீட்டுக்கு வந்தா கண்ணு எரியும். அதனால கண்ணை மூடிக்கிட்டு சாஞ்சுக்குவேன். இவன் கேள்வியையும் அஞ்சு விடையையும் வாசிப்பான். நான் நம்பர் சொல்லுவேன். உடனே சரி, தப்புன்னுடுவான்.

கடைக்காரம்மா: உடனே எப்படிச் சொன்னான்? விடை புத்தகத்தோட கடைசியில இல்ல இருக்கும்?

அக்கா: ஐயா ரொம்பக் கெட்டிக்காரரு. வாசிக்கிறதுக்கு முன்னாலயே கடைசிப் பக்கத்தைப் பாத்து, சரியான விடைக்குப் பக்கத்துல எல்லாம் பென்சில்ல சின்னதா ஒரு புள்ளி வச்சிடுவான். பக்கம் புரட்டுற நேரம் மிச்சம்.

கடைக்காரம்மா: புள்ளி வச்சிட்டு... வாசிச்சான்.

அக்கா: ஆமா.

கடைக்காரம்மா: ஏன்டா, நீயா? என் கடையில ஏழு வருஷமா லென்ஸ் மாத்துற நீயா?

தம்பி: அப்படி இருக்காதும்மா...

அக்கா: எப்படி? என்ன எப்படி? எனக்கும் சொல்லுங்க.

கடைக்காரம்மா: நீயே சொல்லு. நாற்காலியில வேற வசமா உக்காந்திருக்கா.

தம்பி: இங்க பாருக்கா. இந்த நாற்காலியில ஒருத்தர் உக்காருறாரு. எதிர்ல எழுத்துப் பலகை. நான் கண்ணு முன்னால ஒரு லென்ஸ் போட்டு 'இது தெளிவா?'ன்னு கேப்பேன். மாத்தி, 'இது தெளிவா?'ன்னு கேப்பேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தலைமுடி அளவுதான். அவருக்கே குழப்பமா இருக்கும். அப்ப என் குரல் ரெண்டாவதுல ஒரு இழை ஏறினாப் போதும், 'ரெண்டாவதுதான் தெளிவு'ன்னுடுவாரு. பொய் சொல்லல. நிஜமாவே அவருக்கு அது தெளிவாத் தெரியும்!

அக்கா: நிஜமாவா?

தம்பி: சத்தியமா. காது கண்ணுக்குச் சொல்லிடும். தப்பான கண்ணாடிய வாங்கிக்கிட்டு சந்தோஷமாப் போவாரு. மூணு நாள்ல தலைவலியோட திரும்பி வருவாரு.

கடைக்காரம்மா: இவன் சேந்த புதுசுல ஒரே வாரத்துல நாலு பேர் திரும்பி வந்தாங்க. 'குரல் சாயுது, குரல் சாயுது'ன்னு மூணு மாசம் கத்தினேன். ரெண்டு கேள்வியும் ஒரே தட்டுல வச்ச மாதிரி வரணும். அதுதான் இந்த வேலையே.

அக்கா: இருங்க இருங்க... அப்ப நான் ஆறு மாசமா கேள்விக்குப் பதில் சொல்லல?

தம்பி: தெரியலக்கா. இருக்கலாம்ங்கிறாங்க.

அக்கா: உன் குரலுக்குச் சொல்லியிருக்கேன்!

கடைக்காரம்மா: அவசரப்படாதே. சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. இப்ப ஒரு சீட்டு எடுக்குறேன்... ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள பத்து நம்பர் எழுதுறேன். என் இஷ்டத்துக்கு. பாக்காதேம்மா, சுவரைப் பாத்து உக்காரு. இந்தாடா. கேள்வியும் கிடையாது, விடையும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு மட்டும் சொல்லு. சீட்டுல இருக்கிற நம்பரை மனசுல வச்சுக்கோ. அவ கண்டுபிடிக்கட்டும்.

அக்கா: இது என்ன ஜோசியமா?

கடைக்காரம்மா: அஞ்சுல ஒண்ணு. குருட்டாம்போக்குல சொன்னா பத்துக்கு ரெண்டு வரும். அதுக்கு மேல வந்தா ஜோசியம்தான். சொல்லுடா.

தம்பி: ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு.

அக்கா: நாலு.

தம்பி: ...அடுத்தது. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு.

அக்கா: ஒண்ணு.

தம்பி: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

அக்கா: வேகமாச் சொன்னா ஏமாந்துடுவேனா? ரெண்டு.

கடைக்காரம்மா: தாயே...

தம்பி: பேசாதீங்கம்மா. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு.

அக்கா: திரும்பவும் நாலு.

கடைக்காரம்மா: எல்லாம் சரி. விடாதே, மேல போ.

தம்பி: ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு.

அக்கா: மூணு... இல்ல இரு. அஞ்சு. ஏன்டா, ரெண்டுக்கும் அழுத்தம் வைக்கிற? ஒரு நம்பர்தானே இருக்கணும்?

தம்பி: அம்மா... இந்தச் சீட்டை நீங்களே பாருங்க. அஞ்சாவது வரி.

கடைக்காரம்மா: அது... அது நான் எழுதின அஞ்சு. மேல் கோடு சரியா விழல. மூணு மாதிரி இருக்கு.

தம்பி: எனக்கு மூணா அஞ்சான்னு சந்தேகமா இருந்துச்சு. ரெண்டையும் நினைச்சுக்கிட்டே சொன்னேன்.

கடைக்காரம்மா: அவன் சந்தேகப்பட்டது அவளுக்குக் கேட்டிருக்கு! பாரு, என் கையப் பாரு, மயிர்க்கூச்செறியுது. முப்பது வருஷமா இந்த அறையில நிக்கிறேன். இப்படி ஒரு காதை நான் பாத்ததே இல்ல.

தம்பி: மிச்சம் அஞ்சையும் முடிப்போமாம்மா?

கடைக்காரம்மா: முடி, முடி. சாப்பாடு ஆறினா ஆறட்டும்.

தம்பி: ...பத்துக்குப் பத்து. அக்கா, என்ன கேக்குது உனக்கு? என்னதான் கேக்குது?

அக்கா: நான் என்னத்தைச் சொல்ல... மூச்சுன்னு நினைக்கிறேன். சரியான நம்பருக்கு முன்னால நீ மூச்சைக் கொஞ்சம் நிறுத்துற. நாக்கு மேல ஒட்டியிருந்துட்டு எடுபடுற மாதிரி ஒரு சத்தம். 'ட்'டுன்னு. அதுக்கப்புறம் வர்ற நம்பர்ல குரல் இறங்கி உக்காரும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டின மாதிரி.

தம்பி: எனக்கே தெரியாம!

அக்கா: சாட்சிக் கூண்டுல நிக்கிறவங்ககிட்டயும் இது இருக்கும்டா. ஒன்பது வருஷமா அதைத்தானே கேக்குறேன். கால்ல பெடலை மிதிச்சா ரெக்கார்டிங் ரெண்டு விநாடி பின்னால போகும். ஒரே வாக்கியத்தைப் பத்து தடவை கேப்பேன். ஒருத்தரு ஒரு தடவை, 'அன்னைக்கு அவனைப் பாத்தியா?'ன்னு கேட்டதுக்கு 'ம்'ன்னாரு. அந்த 'ம்'முக்கு முன்னால இவ்வளவு நேரம்... மூச்சே இல்ல. அவரு பாக்கலடா. எனக்கு அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு. வக்கீல் ரெண்டு பேரும் அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. நான் என்ன பண்ண முடியும்? 'சாட்சி: ம்' அப்படின்னு அடிச்சேன்.

கடைக்காரம்மா: அப்புறம்?

அக்கா: அப்புறம் என்ன, பக்கம் நிறைஞ்சுது, அடுத்த பக்கம். அன்னைக்குத்தான் தோணுச்சு. அந்த இடத்துல எழுந்திருச்சு 'ஐயா, ஒரு நிமிஷம், இன்னொரு தடவை சொல்லுங்க'ன்னு கேக்க ஒரு ஆள் வேணும். டைப்பிஸ்ட் கேக்க முடியாது. வக்கீல் கேக்கலாம்.

தம்பி: இதை நீ எங்கிட்ட சொன்னதே இல்லையேக்கா.

அக்கா: நீ கேள்விய மட்டும்தானே வாசிச்ச. சரி, ஓட்டை எங்கன்னு தெரிஞ்சு போச்சு. எண்பத்து நாலு என் மார்க்கே இல்ல, உன் மூச்சோட மார்க். நாப்பத்தொண்ணுதான் நான். கிளம்புறேன்.

கடைக்காரம்மா: உக்காரு! பாதி டெஸ்ட்ல யாரும் என் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கக் கூடாது. அந்தப் புத்தகம் பையில இருக்கா?

அக்கா: இருக்கு. எதுக்கு?

கடைக்காரம்மா: புள்ளி வைக்காத பக்கம் ஏதாவது மிச்சம் இருக்கா?

தம்பி: கடைசி ரெண்டு தாள் இன்னும் தொடல.

கடைக்காரம்மா: குடு. நான் வாசிக்கிறேன். எனக்கு விடை சத்தியமாத் தெரியாது. கேள்வி என்னன்னே தெரியாது. என் மூச்சைக் கேட்டு ஒண்ணும் கிடைக்காது உனக்கு. பத்து கேள்வி. நீ வெளிய போடா.

தம்பி: நான் எதுக்கு வெளிய?

கடைக்காரம்மா: நீ அங்க நின்னு தலையாட்டினாலும் அவளுக்குக் கேட்டுடும். போ.

தம்பி: ...முடிஞ்சுதா? வரலாமா?

கடைக்காரம்மா: வா. கடைசிப் பக்கத்தைப் பாத்துத் திருத்து. எனக்குத் தொண்டை வறண்டு போச்சு.

தம்பி: சரி... சரி... தப்பு... சரி... தப்பு... சரி, சரி, சரி... தப்பு... சரி. அக்கா! ஏழு!

அக்கா: ஏழா?

தம்பி: பத்துக்கு ஏழு. எழுபது!

அக்கா: அது எப்படிடா? ஹால்ல நாப்பத்தொண்ணு தானே?

தம்பி: இரு இரு, யோசிக்கிறேன்... ஹால்ல நீ கண்ணால படிச்ச. இப்பக் காதால கேட்ட. வாசிச்சவங்களுக்கு விடை தெரியாது, அதனால குரல் சாயல. அப்ப எண்பத்து நாலுல என் புண்ணியம் வெறும் பதினாலுதான். மிச்சம் எழுபது உன்னோடதுதான். ஆனா அது உனக்குக் காது வழியாத்தான் உள்ள போகுது!

கடைக்காரம்மா: ஆறு மாசம் காதுக்கு மட்டும் தீனி போட்டிருக்கீங்க. அன்னைக்குப் போய்க் கண்ணைப் பரீட்சை எழுதச் சொன்னா அது என்ன பண்ணும், பாவம்.

அக்கா: ஹால்ல யாரும்மா எனக்கு வாசிச்சுக் காட்டுவாங்க?

கடைக்காரம்மா: பார்வை குறைஞ்சவங்களுக்கு வாசிக்க ஆள் குடுப்பாங்களே. நான் வேணும்னா ஒரு சர்ட்டிபிகேட்...

அக்கா: ஐயோ, வேண்டாம்மா! வக்கீலாகப் போறவ முதல் வேலையாப் பொய்ச் சான்று வாங்கவா?

கடைக்காரம்மா: சும்மா சொல்லிப் பாத்தேன். குரல் சாஞ்சுதா?

அக்கா: இல்ல. அதுதான் பயமா இருக்கு உங்களைப் பாத்தா.

தம்பி: அக்கா, நீயே வாசிச்சா?

அக்கா: ஹால்ல சத்தம் போட்டா வெளிய அனுப்பிடுவாங்க.

தம்பி: சத்தம் வேண்டாம். உதடு மட்டும். நாக்கு, உதடு, தொண்டை எல்லாம் நிஜமாப் பேசுற மாதிரியே அசையணும், காத்து மட்டும் வெளிய வரக் கூடாது. அப்படிப் பேசினா உள்ளுக்குள்ள கேக்கும் இல்ல? பண்ணிப் பாரேன்.

அக்கா: ...அட, ஆமாடா. கேக்குது. என் குரல்தான்.

தம்பி: ஹால்ல உதடு அசைக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?

அக்கா: விதித்தாளை ரெண்டு தடவை படிச்சேன். 'பேசக் கூடாது, ஒலி எழுப்பக் கூடாது'ன்னு இருக்கு. உதட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

கடைக்காரம்மா: பாத்தியா, வக்கீல் பேசுது! அடுத்த பத்து. நேரம் நான் பாக்குறேன்.

தம்பி: ...முடிச்சாச்சா? குடு. சரி... சரி... தப்பு... சரி... அக்கா, இந்த நாலாவது கேள்வி, 'உறுப்பினர்கள் மட்டுமே நூலகத்துக்குள் செல்லலாம்'. ஹால்லயும் இப்படி ஒண்ணு வந்துச்சு, தப்பா எழுதிட்டேன்னு அன்னைக்குப் புலம்பினியே?

அக்கா: ஆமா. கண்ணால படிச்சப்ப 'மட்டுமே' மேல வழுக்கிட்டுப் போயிட்டேன். உறுப்பினர்னா கண்டிப்பா விட்டுடுவாங்கன்னு நினைச்சுட்டேன். இப்ப உதட்டை ஒட்டிப் பிரிச்சாத்தானே 'ம'வே வருது? நின்னுதான் ஆகணும். நின்னா உறைக்குது. உறுப்பினர் இல்லாதவங்க போக முடியாதுங்கறதுதான் அதுல இருக்கு. உறுப்பினர் எல்லாரையும் விடுவாங்கன்னு எங்கயும் சொல்லல!

தம்பி: ஏழு. திரும்பவும் ஏழு!

கடைக்காரம்மா: கண்ணு ரெண்டையும் மூடிக்கிட்டு சந்தோஷப்படாதீங்க. இருபத்தோரு நிமிஷம் ஆச்சு. பத்து கேள்விக்கு எவ்வளவு நேரம் குடுப்பாங்க?

அக்கா: பதினாலு. போச்சு... வாயால படிச்சா மெதுவாத்தானே வரும்.

தம்பி: ஏன் மெதுவா? நீ ஆபீஸ்ல ரெக்கார்டிங்கை எந்த வேகத்துல கேப்ப?

அக்கா: ஒண்ணரை மடங்கு. சும்மா கேக்கும்போது. அடிக்கும்போதுதான் குறைப்பேன்.

தம்பி: உள்ள கேக்குற குரலையும் ஒண்ணரைக்கு வை!

அக்கா: டேய், அது என்ன மெஷினா, குமிழைத் திருக...

கடைக்காரம்மா: வச்சுப் பாரேன். அஞ்சு கேள்வி. ஏழு நிமிஷம். ஆரம்பி.

அக்கா: ...

கடைக்காரம்மா: உதட்டைப் பாருடா. தறி ஓடுற மாதிரி இல்ல?

தம்பி: ஷ்ஷ்.

அக்கா: முடிச்சிட்டேன்.

கடைக்காரம்மா: ஆறு நிமிஷம், ஐம்பது விநாடி.

தம்பி: சரி. சரி. சரி. தப்பு. சரி. அஞ்சுக்கு நாலு... அக்கா.

அக்கா: ம்.

தம்பி: இப்ப எங்க போச்சு உன் நாப்பத்து மூணு மார்க்?

அக்கா: இரு, மூச்சு விட்டுக்கறேன். இத்தனை நாளும் வாய்க்குள்ள இருந்திருக்குடா. கை காலெல்லாம் சிலிர்க்குது. கோயில் மணிக்குப் பக்கத்துல நின்ன மாதிரி இருக்கு... போன் எங்க? விண்ணப்பத்தைத் திற.

தம்பி: திறந்தே வச்சிருக்கேன். உன் பேர் வரைக்கும் போட்டாச்சு. அனுப்ப வேண்டியது நீதான்.

அக்கா: அதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன். குரல் சாஞ்ச விஷயம் இன்னைக்குத்தான் உனக்குத் தெரியுமா?

தம்பி: ஆமாக்கா. அம்மா சொன்னப்பத்தான்.

அக்கா: நாக்கு ஒட்டுச்சு.

கடைக்காரம்மா: எனக்கே கேட்டுச்சுடா இந்தத் தடவை.

தம்பி: நாலு மாசம் முன்னாலயே தெரியும்க்கா. ஒரு நாள் ஏழாவது தாளுக்கு ஆறாவது தாளோட விடையப் பாத்துப் புள்ளி வச்சிட்டேன். எல்லாமே தப்பான புள்ளி. நீ இருபத்தஞ்சுக்கு இருபத்தொண்ணு அந்தப் புள்ளியையே சொன்ன. மறுநாள் காலையில இங்க உக்காந்து பாத்தப்பத்தான் புரிஞ்சுது. சொல்லணும்னுதான் வீட்டுக்கு வந்தேன். நீ எண்பத்து நாலுன்னு காலண்டர்ல பெருசா எழுதிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே பாத்திரம் கழுவிட்டு இருந்த. அப்பா போனதுக்கப்புறம் நீ பாடி அன்னைக்குத்தான் கேட்டேன். வாய் வரலக்கா. ஹால்ல எப்படியும் சமாளிச்சுடுவன்னு நினைச்சேன். உன் நாப்பத்தொண்ணுக்கு நான்தான் காரணம். திட்டு.

அக்கா: திட்ட முடியாதுடா. போன மாசம் உனக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் வெறும் காத்தா வாசிச்சியே, அந்த வாரம் எனக்கு எந்தத் தாள்லயும் எழுபதைத் தாண்டவே இல்ல. நீ சொன்ன சரி, தப்பைக் குறிச்சு வச்சிருந்த தாளையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு, எண்பதுக்கு மேலன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். உன் குரல்ல என்னமோ இருக்குன்னு அப்பவே தெரியும். என்னன்னு தெரியல, தெரிஞ்சுக்கவும் பிடிக்கல. நீயா வாயத் திறந்து சொல்றியான்னு பாக்கத்தான் இன்னைக்கு இங்க வந்ததே. இந்தா, அனுப்பிட்டேன். இனிமே நீ புள்ளி வைக்க வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். விடைப்பக்கத்தைக் கிழிச்சு இந்தக் கடை அம்மாகிட்ட குடுத்துடு. ஒன்பது வாரமும் நானே உதட்டை அசைச்சு, ஒண்ணரை வேகத்துல, சத்தம் வராமப் படிக்கிறேன்.